மாசா மாசம் சொல்றதுதான்

சர்ச்சில் திருவிருந்து வரிசை. சோனியாவுக்கு முன்னால் நாலே பேர்தான். என்ன தோன்றியதோ, அப்பம் வாங்காமல் விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் உள்ளேவரை கேட்டது.

ராணி விடுவாளா? பெண்கள் சங்கச் செயலாளர். யார் அப்பம் எடுக்கவில்லை என்று பார்ப்பதற்காகவே கண்ணாடியின் பவரை மாற்றிக்கொண்டவள்.

"என்ன பாவம் பண்ணித் தொலைச்சாளோ!" என்று பக்கத்து சீட்டில் கிசுகிசுத்தாள்.

ஆராதனை முடிந்ததும் நேராகப் பாஸ்டர் அருண்ராஜிடம் போனாள்.

"பாஸ்டர், அந்தச் சோனியா நம்ம சபைக்கு வந்து மூணு மாசம்கூட ஆகலை. அதுக்குள்ள இப்படி! சண்டே ஸ்கூல் டீச்சர் லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்துடுங்க."

சொல்லி வாய் மூடவில்லை, சோனியா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"பாஸ்டர், எனக்கு அப்பம் மீதி இருக்கா?"

"நடுவுல எங்கம்மா போயிட்டே?"

"நீங்கதானே சொன்னீங்க பாஸ்டர், யார்கூடயாவது மனஸ்தாபம்னா முதல்ல போய்ச் சமாதானமாகிட்டு வாங்கன்னு? மேட்டகள்ளியில பக்கத்து வீட்டு மாதேவி அக்காவோட தண்ணிக் குழாய்ச் சண்டை. நாலு மாசமாப் பேச்சில்ல. போய், 'தப்பாய்த்து அக்கா', என் தப்புதான்னு கன்னடத்துலயே சொல்லிக் கையைப் பிடிச்சேன். அழுதுட்டாங்க. உப்புமா கிண்டிட்டு, உப்பிட்டு சாப்பிட்டாதான் விடுவேன்னுட்டாங்க, அதான் லேட்டு."

"உப்பிட்டா!" ராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வயிறு முட்டத் தின்னுட்டு வந்து அப்பம் கேக்கறியா? அடி பைத்தியமே, அது மாசா மாசம் சொல்றதுதான்! இருபது வருஷமா நாங்களும் கேக்கறோம். ஒருத்தராவது எழுந்து போயிருக்கோமா? நீங்களே சொல்லுங்க பாஸ்டர்!"

பாஸ்டர் வெள்ளை அங்கியைக் கழற்றி ராணியின் கையில் கொடுத்தார்.

"மீதி இருக்கும்மா சோனியா. ஆனா சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோ. ரெண்டு பேருமாச் சேர்ந்து எடுத்துக்கலாம்."

"நீங்கதான் எல்லாருக்கும் முதல்ல எடுத்துட்டீங்களே பாஸ்டர்!" என்றாள் ராணி.

"அது செல்லாது ராணிம்மா," என்று சொல்லிக்கொண்டே பைக் சாவியைத் தேடினார் பாஸ்டர். "குண்டலுபேட்டையில எங்கண்ணன் இருக்கார். பேசி ஆறு வருஷம் ஆச்சு."