தேன்மொழிக்கு மட்டும்

"மாப்பிள்ளையும் பொண்ணும் பத்து நிமிஷம் பேசிட்டு வரட்டும்" என்று பெரியவர்கள் மாடிக்கு அனுப்பியபோது, வசந்தகுமாருக்குத் துளியும் படபடப்பு இல்லை. புதுக்கோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்த இந்த நாளுக்காக அவன் மூன்று மாதமாகப் படித்திருந்தான். முன்பு ஒரு பெண் அவனை வேண்டாம் என்றதிலிருந்து, தெரியாதவளிடம் பேசவே பயம். இளமதியின் ஜாதகம் வந்த அன்றே இன்ஸ்டாகிராமில் 'தேன்மொழி' என்று பெண் பெயரில் கணக்குத் தொடங்கி, அவள் போடுவதையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டான்.

"எனக்குப் பூனைன்னா உசுருங்க."

"அப்படிங்களா?"

"லீவு விட்டா நார்த்தாமலை ஏறிடுவேன். சாப்பாட்டுல பாகற்காய் இருந்தாப் போதும்."

இளமதி சிரித்தாள். கல்யாணமே முடிந்ததுபோல அவன் மனசு துள்ளியது.

"பூனை பக்கத்துல வந்தாலே எனக்கு மூச்சு முட்டுங்க. மலை ஏறினா தலை சுத்தும். பாகற்காயை வாயில வைக்க மாட்டேன்."

"ஆனா நீங்கதானே போட்டிருந்தீங்க..." உளறியபிறகுதான் வசந்தகுமார் நாக்கைக் கடித்தான்.

"போட்டேன். நான் எதைப் போட்டாலும் தேன்மொழின்னு ஒருத்தி அடுத்த நிமிஷமே பாக்குறா. யாருன்னு கண்டுபிடிக்க, இந்த மூணையும் அவளுக்கு மட்டும் தெரியுற மாதிரி போட்டேன்."

"உங்களைத் தெரிஞ்சுக்கத்தாங்க..."

இளமதி விறுவிறுவென்று கீழே இறங்கினாள்.

"அதுக்குள்ள பேசியாச்சா?" என்று அவள் அப்பா கேட்பது மாடிவரை கேட்டது.

"அவங்களுக்கு என்கிட்ட கேக்க ஒண்ணுமே இல்லையாம்ப்பா. கெளம்பச் சொல்லுங்க."