பின்கதவுக் கீறல்

"எல்லாம் சரி, என் கீறல் எங்கேடா?" என்றாள் அக்கா.

ஒரு சாண் நீளம்கூட இல்லாத அந்த வெள்ளைக் காரை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி மேசையில் கிடந்த தூரிகைகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினான்.

நான்கு மாதமாக அவன் அந்தக் காரோடுதான் குடித்தனம் நடத்தினான். அவன் மனைவி அப்படித்தான் சொல்கிறாள். நிஜக் காரைப் பழைய இரும்புக்காரன் இழுத்துக்கொண்டு போன அன்று, பொம்மையாவது செய்து கொடு என்று அக்கா கேட்டிருந்தாள். அதே காருக்கு, பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் கிட் கிடைக்கவில்லை. அதே ஜாடையில் ஒன்றை வாங்கி, முகப்பை அரத்தால் ராவி, விளக்குகளை மாற்றி, ஒருவழியாக அதை அக்காவின் காராக ஆக்கினான். ஸ்டியரிங் உறைக்குப் பழைய மணிபர்ஸின் ஓரம். பெல்ட்டுக்கு மாஸ்கிங் டேப். அக்கா குள்ளம், ஓட்டும்போது போர்வையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல்தான் உட்காருவாள். டிஷ்யூ பேப்பரைப் பசையில் நனைத்து அந்தப் போர்வையைக்கூட மடித்து வைத்திருந்தான்.

கீறலை மட்டும் விட்டுவிட்டான். பின்கதவு பளபளவென்று இருந்தது.

"மறந்துட்டேன்க்கா."

"அதை எப்படிடா மறப்ப? நான் கார் ஓட்டினதுக்கு அது ஒண்ணுதானே சாட்சி. போடு, இப்பவே போடு." சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு அது சிரிப்பாகிப் பல வருடம் ஆகிவிட்டது. கார் பழகிய மூன்றாவது வாரம், வீட்டு கேட்டுக்குள் நுழையும்போது உரசிவிட்டாளாம். அன்று மாலையே சாவி அத்தானின் சட்டைப் பைக்குப் போனது. பாடமாக இருக்கட்டும் என்று அத்தான் கீறலைச் சரிசெய்யவும் விடவில்லை. இருபத்தாறு வருடமாக, வந்த விருந்தாளி செருப்பைக் கழற்றும் முன்பே பின்கதவைக் காட்டி, வீட்டம்மா கார் ஓட்டிய லட்சணத்தைச் சொல்லி முடித்துவிடுவார்.

அக்கா சாவியைத் திரும்பக் கேட்கவில்லை. உரசியதுகூடத் தெரியாத கையை நம்பி எப்படி ஓட்டுவது என்று அவளே சொன்னாள். ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியையாக அவளைக் கூப்பிட்டார்கள். பஸ் போகாத இடம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெறும்வரை இரண்டு பஸ் மாறி மூன்றாம் வகுப்புக்கே பாடம் எடுத்தாள்.

உரசியது தம்பி.

அப்போது அவன் அக்கா வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தான். சாப்பிட்டது எல்லாம் அவள் போட்ட சோறு. அவள் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில், லைசென்ஸ் இல்லாத இருபத்திரண்டு வயதுத் திமிரில் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்வந்தான். மாலையில் அத்தான் கத்தியதை மாடிப்படியில் நின்று கேட்டான். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான்.

இன்று சொல்லத்தான் அவளை வரவழைத்திருந்தான். காரைக் கையில் கொடுத்து, அவள் மனம் குளிர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்வதாகத் திட்டம். கோழையின் திட்டம் என்று அவனுக்கே தெரியும்.

வேறு வழியில்லாமல் தூரிகையை எடுத்தான்.

வேலை என்று உட்கார்ந்துவிட்டால் அவன் உலகத்தை மறந்துவிடுவான். எந்தப் புட்டியைத் திறக்கிறோம் என்றுகூடக் கவனிக்க மாட்டான். நினைவில் இருப்பதைக் கை அப்படியே இறக்கிவிடும். ஊசி முனையால் பெயின்டைக் கிழித்தான். கதவின் நடுவிலிருந்து சக்கரத்தின் வளைவு வரை, மெலிதாகத் தொடங்கி அகலும் கோடு. உள்ளே தகரத்தின் சாம்பல் நிறம். ஓரத்தில் பொட்டளவு துரு. மூச்சை அடக்கிக்கொண்டு கடைசி இழுப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்தான். அச்சு அசலாக வந்திருந்தது. ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது.

அக்கா பூதக்கண்ணாடியோடு குனிந்தாள்.

"நீலம் ஏதுடா? நம்ம கேட்டு பச்சையாச்சே."

அவனும் அப்போதுதான் பார்த்தான். சாம்பலுக்கு நடுவே, தலைமுடி கனத்தில் ஒரு நீலக் கோடு. அவன் உரசிய, அடுத்த தெரு டயர் கடை ஷட்டரின் நீலம். அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, மாடல் வேலைக்கு வைத்திருந்த, பெயின்டைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து, யார் கண்ணிலும் படும் முன் தேய்த்து எடுத்த நீலம். அவனைத் தவிர யாருமே அதைப் பார்த்ததில்லை.

இப்போதும் தின்னர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை தவறிவிட்டது என்று ஒரு துடைப்பில் முடித்துவிடலாம்.

"அது நான்க்கா. நீ குளிக்கப் போனப்ப எடுத்துட்டுப் போனேன். நீ எதையும் உரசல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். திட்டுவாள். எழுந்து போய்விடுவாள். இரண்டு அறை விட்டால்கூட நல்லதுதான். எல்லாவற்றுக்கும் இருபத்தாறு வருடமாகத் தயாராக இருந்தான்.

நிமிர்ந்து பார்த்தான். அக்காவின் முகம் மலர்ந்திருந்தது. கண்ணில் நீர் கோத்திருந்தது.

"ரெண்டு பக்கக் கண்ணாடியையும் பாத்துத்தான்டா உள்ள வந்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. எல்லாரும் சொல்லச் சொல்ல, அந்த ஞாபகமே பொய்னு நினைச்சுக்கிட்டேன்."

அவனைத் திட்ட வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அறுபது வயதில், ஆவலாகக் கேட்டாள்.

"அப்போ எனக்கு நல்லாவே ஓட்ட வந்துச்சு, இல்லடா?"