ஏரிக்கரை நிறுத்தம்

அணைத் திட்டத்துக்கு நேற்றுதான் ஒப்புதல் கிடைத்தது. இன்று காலையே நாலாம் வகுப்புச் சுவர்த்திரையில் மாவட்ட வரைபடம் தானாக மாறி, கீழவயலூர் இருந்த இடத்தில் ஏரி வந்துவிட்டது.

வரைபடத் தேர்வில் ரோஸ்லின் அதே இடத்தில் புள்ளி வைத்து, தன் ஊர்ப் பெயரை எழுதினாள். திரை தவறு என்றது.

"எங்க ஊரு அங்கதான டீச்சர் இருக்கு? காலைல அங்கருந்துதான வந்தேன்!"

"இருக்குடி. மார்க் வேணும்னா நீலம் அடிச்சிரு," என்றார் ஹெலன் டீச்சர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அடித்தாள். முழு மதிப்பெண் விழுந்தது.

மாலையில் ஓட்டுநர் இல்லாத பள்ளி வேன், ஊருக்கு மூன்று கிலோமீட்டர் முன்பே நின்றது.

"ஏரிக்கரை. இறங்கவும்."

ரோஸ்லின் இறங்கினாள். புத்தகப்பை நனைந்துவிடாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புழுதி பறக்கும் வயலுக்குள் நடந்தாள்.