மேட்டில் தேங்கும் தண்ணீர்

ஒரே ஒரு எஸ்டேட்டாம், மலேசியாவில் ரெம்பியாவுக்கு உள்ளே. அந்த எஸ்டேட்டில் ஒரே ஒரு மேடாம். அந்த மேட்டில் மழைத்தண்ணீர் தேங்குமாம்.

கட்டுக்கதை இல்லை. தொண்ணூற்றாறில் வந்த வீட்டு பிளானில் அப்படித்தான் எழுதியிருந்தது.

எஸ்டேட்டை வாங்கிய டெவலப்பர் லயத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்கு முப்பது வீடு கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தான். பிறகு வந்த புது பிளானில் இருபத்தொன்பதுதான் இருந்தது. முப்பதாவது வீடு வரவேண்டிய மேட்டில் பச்சை பூசி, 'மழைத்தண்ணீர் தேங்கும் இடம்' என்று எழுதி, ஆர்க்கிடெக்ட் ஹனீஃப் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அந்த முப்பதாவது, கிஷனுடைய வீடு. இனி அவனுக்கும் அம்மா ஜெயமணிக்கும் அலோர் காஜா டவுனில் நாலாவது மாடி பிளாட்.

அன்றிலிருந்து கிஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை ஹனீஃப் வந்ததும் நேராக மேட்டுக்கே கூட்டிப்போனான். அம்மா பின்னாலேயே வந்தாள்.

"இங்கதான சார் தண்ணி தேங்கும்?"

"மழை பேஞ்சா ஊறுறதுக்கு எடம் வேணும் தம்பி."

"வெளிநாடு போய் காத்து, வெளிச்சம், மழைன்னு படிச்சீங்களாம். தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு அங்க சொல்லித் தரலையா?"

ஹனீஃப் ரம்புத்தான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிஷன் கையிலிருந்த போத்தலைத் திறந்து கவிழ்த்தான். மரத்தடியில் விழுந்த தண்ணீர் ஒரு நொடிகூட நிற்காமல் பள்ளத்தைப் பார்த்து ஓடியது.

"பாத்துக்குங்க. இதுல கப்பல் விடலாம்லா."

"கிஷன், போதும்டா" என்றாள் ஜெயமணி.

"நீ சும்மா இரும்மா. பெரிய தண்ணிதான் போல. சார் சப்பாத்தக்கூட கழட்டிட்டு நிக்கிறாரு, நனைஞ்சிரும்னு."

ஹனீஃப் வெறுங்காலோடுதான் நின்றார். சப்பாத்து மேட்டுக்குக் கீழே கிடந்தது. பக்கத்தில் ஜெயமணியின் சிலிப்பர்.

"எங்க வீட்ட எவனுக்கு வித்தீங்க சார்? அத மட்டும் சொல்லிருங்க."

ஹனீஃப் கையிலிருந்த பிளானைப் பிரித்தார்.

கிஷன் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். "பொய் பிளான்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்கன்னு எழுதியிருக்கேன். திங்கட்கிழமை பிளான் பாஸ் பண்ற ஆபீஸ் தெறந்ததும் குடுப்பேன். அப்புறம் நீங்க ஆர்க்கிடெக்ட்டா இருக்கீங்களா, ஒங்க வாப்பா துணிக்கடையில ஒக்காந்திருக்கீங்களான்னு பாக்கலாம்."

"திங்கட்கிழமையே குடுங்க தம்பி" என்றார் ஹனீஃப் மெதுவாக. "பிளான் பொய்தான்."

"காரணத்த அவரு சொல்ல மாட்டாரு" என்றாள் ஜெயமணி. "சொல்லக் கூடாதுன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

கிஷன் திரும்பினான்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி பஸ் ஏறி மலாக்காவுக்குப் போய் இவரப் பாத்தேன். பிளான மாத்தச் சொன்னது நான்."

"நீயா? எதுக்கும்மா?"

"அப்பல்லாம் பச்சப் புள்ளைங்க செத்தா எரிக்க மாட்டோம். இந்த மேட்டுலதான் பொதைப்போம். கல்லு கூட வைக்கிறதில்ல. ஏழு புள்ளைங்க இருக்குடா. அப்படின்னு பிளான்ல எழுதுனா மெஷின கொண்டாந்து ஒரே நாள்ல அள்ளிருவான். தண்ணி தேங்குற எடம்னு எழுதுனா கை வைக்க மாட்டான்னு இந்தத் தம்பிதான் யோசிச்சுச் சொன்னாரு."

"ஊரான் புள்ளைங்களுக்கு நம்ம வீடுதான் கெடச்சிச்சா?"

ஜெயமணி ஈரம் பட்ட மண்ணைக் காட்டினாள்.

"ஒனக்கு முன்னாடி ஒருத்தன் பொறந்தான். பதினோரு நாள் இருந்தான். இப்ப நீ தண்ணி ஊத்துனியே, அங்கதான் இருக்கான்."

கிஷன் கடிதத்தை மடித்தான்.

"ஒரு வீடு கொறையும், யாரு வீட்டக் கொறைக்கிறதுன்னு தம்பி கேட்டாரு. மத்தவங்க வீட்ட எப்படிச் சொல்லுவேன்? எங்க வீட்டன்னேன்."

ஹனீஃப் பிளானைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினார். சற்றுப் பொறுத்து ஜெயமணியும் இறங்கினாள்.

கிஷன் குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரத்தை மிதிக்காமல் சுற்றி நடந்து, கடைசியாக இறங்கிப் போனான்.