முந்தின நாள் காற்று

வானிலை நிலையத்தில் அப்பா எழுதிய பழைய பதிவேட்டை மகள் மூன்றாம் முறையாகப் புரட்டினாள். எரிமலை வெடித்த வாரத்தின் வானிலையை நாள்வாரியாகக் கண்டுபிடிப்பது அவளுடைய ஆராய்ச்சி. ஒரே ஒரு நாள்தான் ஒத்துவராமல் அடம்பிடித்தது.

“வெடிச்சதுக்கு முந்தின நாள், சுத்தி இருந்த நாலு நிலையத்துலயும் கிழக்குக் காத்து. நீங்க மட்டும் மேற்குன்னு எழுதியிருக்கீங்க.”

“கருவி கோளாறா இருக்கும்.” அப்பா எழுந்துபோய் அலமாரியில் எதையோ தேடினார்.

“காலை, மதியம், சாயங்காலம் மூணு வேளையும் ஒரே வேகம். எப்படிப்பா?”

அப்பா உட்கார்ந்தார். உடனே மறுபடி எழுந்தார்.

“இது தப்புன்னு கட்டுரையில எழுதியாகணும்ப்பா. உங்க பேரோட.”

“எழுதிக்கோ. அன்னிக்கு நான் வேலைக்கே போகல. லீவு கேட்டேன், கொடுக்கல. உங்கம்மாவுக்கு வலி கண்டுடுச்சு, வீட்டுல வேற ஆளில்ல. மாட்டிக்கக் கூடாதேன்னு மறுநாள் போய் மனசுல பட்டதை எழுதி வெச்சேன். உன் பிறந்த தேதியையும் ஒரு நாள் தள்ளிப் பதிஞ்சேன்.”

அவள் பதிவேட்டை மூடிவைத்தாள்.

“சரி, அன்னிக்கு நிஜமா வெளியே மழையா, வெயிலா? அதையாவது சொல்லுங்க.”

“யாரு கண்டா? நான் உன்னையேதானே பார்த்துக்கிட்டு இருந்தேன்.”