மிதிக்க ஓர் ஆள்

"பாய், இதை மாட்டிட்டா நான் வண்டிக்கு அடியில படுக்கவே வேணாமா?" யமுனாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"வேணாம் மேடம். பானெட்டைத் திறந்தா கைக்கு எட்டுற இடத்துல இந்த டியூபோட முனை இருக்கும். நின்னபடியே கிளட்ச் ஆயிலுக்குள்ள புகுந்த ஏரை வெளியேத்திடலாம்," என்றார் தென்னூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை முஜிபுர் ரஹ்மான்.

ரெங்கராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, சைலன்சர் பட்டு மருமகளின் கை வெந்ததைப் பார்த்து, அவளை இங்கே இழுத்து வந்ததே அவர்தான். அடுத்த ஞாயிறு கோவையில் கார் பந்தயம். மகன் வளவன் கட்டிய கார். அவன் இறந்த பிறகு யமுனா ஓட்டுகிறாள்.

"இதுல ரெண்டு ரகம் இருக்கு. இதுக்கு ஒருத்தர் பெடலை மிதிக்கணும், ஒருத்தர் இங்க திறந்து மூடணும். அதுல வால்வு இருக்கு. மேடம் ஒரே ஆளா முடிச்சுடலாம்," என்று பாய் இன்னொரு பெட்டியையும் எடுத்துக் காட்டினார்.

ரெங்கராஜ் அந்தப் பெட்டியைத் தள்ளி வைத்தார். 'மாமா, கிளட்ச்ல ஏர் புகுந்துடுச்சு, வாங்க' என்று வாராவாரம் போன் வரும். மணப்பாறையில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வருவதே அந்தப் பெடலை மிதிக்கத்தான். மகன் இல்லாத வீட்டுக்கு வேறு என்ன சாக்கு சொல்லி வருவது?

"வால்வெல்லாம் வேணாம்மா. தூசி அடைச்சு, பந்தயத்தன்னிக்குக் காலை வாரிடும்."

"அப்படியெல்லாம் ஆகாது சார், இது..."

"சும்மா இருங்க பாய். முப்பது வருஷம் பஸ் ஓட்டுனவன் சொல்றேன்!"

"மாமா சொன்னா சரிதான் பாய். மிதிக்கிற ரகமே குடுங்க," என்றாள் யமுனா. "ஆனா மாமா, கோயம்புத்தூருக்கும் நீங்க வரணும். அங்க எனக்கு யாரு மிதிப்பா?"

"வராம? நான் வராம நீ ஜெயிச்சுடுவியா?"

சாயங்காலத்துக்குள் மாட்டியாகிவிட்டது. யமுனா பானெட்டுக்குள் குனிந்திருந்தாள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்த ரெங்கராஜ், கை துடைக்கத் துணி தேடி டேஷ்போர்டைத் திறந்தார்.

உள்ளே ஓர் அட்டைப் பெட்டி. பாய் காட்டிய அதே வால்வு செட். பிரிக்கவே இல்லை. மேலே ஒட்டியிருந்த சென்னைக் கடை பில்லில் யமுனாவின் பெயர், போன வருடத் தேதி.

"மாமா, மிதிங்க!"

சத்தமில்லாமல் டேஷ்போர்டை மூடிவிட்டு, மிதித்தார்.