தெருவிளக்குக்கு ஒரு கை

விளக்கு வந்தாலும் அதன் வெளிச்சம் தன் வீட்டு வாசலில் விழவே விழாது என்று இன்ஷூரன்ஸ்காரர் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

கம்பத்தைப் பக்கத்து வீட்டுச் சுவரோரம் நடப்போகிறார்கள். நடுவில் அவருடைய தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. ஆகவே வெளிச்சம் தொட்டியோடு நின்றுவிடும். விழாத வெளிச்சத்துக்கு அவர் ஏன் பங்கு கொடுக்க வேண்டும்?

செயலாளர் தலையாட்டினார். ஒரு மாதமாகத் தலையை ஆட்டி ஆட்டி அவருக்குக் கழுத்து தனியாக வலிக்க ஆரம்பித்திருந்தது.

விஷயம் சின்னதுதான். தெருவுக்கு விளக்குகளும், இரண்டு பக்கமும் மரக்கன்றுகளும் நகராட்சி வைத்துத் தரும். கரண்டுக்கும் தண்ணீர் ஊற்றுகிற ஆளுக்கும் ஆகும் செலவை வீட்டுச் சொந்தக்காரர்கள் வருஷா வருஷம் வரியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். யாருக்கு எவ்வளவு பலனோ அவ்வளவு பங்கு. வீட்டுக்கு ஒரு கை. பாதிக்கு மேல் கைகள் எழுந்தால் போதும்.

பலன் என்ற சொல் காதில் விழுந்ததும் தெரு மொத்தமும் துறவு பூண்டுவிட்டது.

பல் டாக்டர் வீட்டில் ஏழு மணிக்கே படுத்துவிடுகிறார்களாம். வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும். நியாயமாகப் பார்த்தால் நகராட்சிதான் அவருக்குக் கொடுக்க வேண்டும். தன் வாசலில் மரம் வைத்தாலும் காலையில் அதன் நிழல் எதிர்வீட்டுக்குத்தான் போகிறது, நிழல் வாங்குகிறவர்கள் கட்டட்டும் என்றார் தையல்கடைக்காரர். சாயங்காலம் அதே நிழல் அவர் வீட்டுக்குத் திரும்பிப் போவதை எதிர்வீட்டு அம்மாள் எல்லோருக்கும் ஞாபகப்படுத்தினார்.

இவ்வளவும் செயலாளர் வீட்டு முன்னறையில், செயலாளர் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டே நடந்தது.

டீ கொண்டுவந்தது அவர் மனைவி. ஒரு கையால், ஒவ்வொரு டம்ளராக. இன்னொரு கை மாவுக்கட்டோடு கழுத்திலிருந்து தொங்கியது. போன மாதம் வேலை முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தவர், இன்ஷூரன்ஸ்காரர் வாசலில் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் விழுந்துவிட்டார். பள்ளத்தை மறுநாளே மூடினார்கள். இருட்டு அப்படியே இருந்தது. அடுத்த வாரம் கட்டுப் பிரித்ததும் அதே வேலைக்குப் போய், அதே இருட்டில் திரும்ப வேண்டும்.

அதனால்தான் செயலாளர் வீடு வீடாக ஏறி இறங்கினார். செயலாளர் என்ற பட்டமும் அப்போது ஒட்டிக்கொண்டதுதான். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, வேண்டாத வேலை என்பதால் யாரும் போட்டிக்கும் வரவில்லை. கெஞ்சினார், காலில் விழாத குறை. பென்ஷன்காரர் மட்டும், விழுந்தாலும் தப்பில்லை, வயதில் மூத்தவன்தானே என்று சொல்லிப் பார்த்தார்.

காலையில் ஒரு போன் வந்ததிலிருந்து செயலாளர் சரியாகச் சாப்பிடவில்லை. கூட்டத்தைப் பற்றிய கவலை என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கை எண்ண வந்திருந்த நகராட்சி ஆள் கொட்டாவியை முடித்துக்கொண்டு, வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார்.

ஆறு கைகள். பல் டாக்டர்கூட, மனைவி இடுப்பில் இடித்ததால், அரைக் கை தூக்கினார். நகராட்சி ஆள் அதை முழுசாகவே எடுத்துக்கொண்டார்.

வேண்டாம் என்கிறவர்கள்?

அதற்கும் ஆறு. இன்ஷூரன்ஸ்காரர் கைதான் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.

தெருவில் வீடுகள் பதின்மூன்று.

எல்லாத் தலைகளும் செயலாளர் பக்கம் திரும்பின. டீ உபசாரத்தில் மனுஷன் கை தூக்க மறந்துவிட்டார் என்று பென்ஷன்காரர் சிரித்தார். நகராட்சி ஆள் ஆறை அடித்து ஏழாக்கப் பேனாவைக்கூடத் தாளில் வைத்துவிட்டார்.

செயலாளர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“வேண்டாம்” என்றார்.

அவர் மனைவி மட்டும் ஆச்சரியப்படவில்லை. காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆறு பேருக்குத் திட்ட வாய் வரவில்லை. ஆறு பேருக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. பன்னிரண்டு வீட்டாரும் எழுந்து வாசலுக்கு வந்து, இருட்டில் யார் செருப்பு யார் காலில் என்று தெரியாமல் துழாவிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் டார்ச்சை எடுத்து வந்து ஒவ்வொருவரையாக வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

கடைசியாக இன்ஷூரன்ஸ்காரர். வழியெல்லாம் பேசாமல் நடந்தார். அவருக்கு அது பழக்கமில்லாத விஷயம். கேட்டுக்கு வந்ததும் தாங்கவில்லை.

“செருப்புத் தேய நடந்தது நீங்க. கை உடைஞ்சு கெடக்கறது உங்க வீட்ல. கடைசில நீங்களே கவுத்துட்டீங்களே, ஏன் சார்?”

செயலாளர் டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்திருந்தார்.

“கைதான் சார் என்னோடது. ஓட்டு வீட்டுக்காரரோடது. நாங்க வாடகைக்குத்தானே இருக்கோம்? காலைல போன் பண்ணி, எனக்குப் பதிலா நீங்களே வேண்டாம்னு தூக்கிடுங்கன்னார். விளக்கு, மரம் எல்லாம் வந்துட்டா வாடகைய ஏத்த வேண்டி வருமாம். அவருக்கு மனசு வரலையாம்.”

இன்ஷூரன்ஸ்காரர் சாவிக்கொத்தை எடுத்தார். சாவி பூட்டுக்கு இந்தப் பக்கம் இடித்தது. பிறகு அந்தப் பக்கம் இடித்தது.

“சார், இப்படி நம்ம வாசல் பக்கம் கொஞ்சம் காட்டுங்க” என்றார். “ஒண்ணுமே தெரியல.”